சன்லைட், லைஃப்போய், லக்ஸ்: லீவர் கம்பனியின் கதை பற்றி நம்ம ஊரில் கேட்கிற கேள்விகள்

மட்டக்களப்பிலும் களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கமும் ஒரு கடைக்குள் போனால் தட்டில் இருக்கிற சவுக்காரம், பற்பசை, ஷாம்பூ, பாத்திரம் கழுவுகிற தூள் என்று பாதிக்கு மேல் ஒரே கம்பனிக்குச் சொந்தமானவை. பெயர்கள் வேறு வேறாக இருப்பதால் நிறையப் பேருக்கு இது தெரிவதில்லை. அந்தக் கம்பனியைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், அந்தக் கதைகளைச் சுருக்க எனக்கு மனமில்லை.

சன்லைட் இலங்கைச் சவுக்காரமா, இந்தியச் சவுக்காரமா?

இரண்டுமில்லை, இங்கிலாந்தில் பிறந்தது. சன்லைட் என்ற பெயரை 1884இல் பதிவு செய்தார்கள், 1885இல் வோரிங்டன் என்ற ஊரில் சொந்தமாகக் காய்ச்சத் தொடங்கினார்கள். கம்பனியின் பெயர் லீவர் பிரதர்ஸ். இன்று அதுதான் யூனிலீவர். நம்ம நாட்டில் விற்கிற சன்லைட் பல தலைமுறையாக இங்கேயே செய்யப்படுவதால் அது நம்மட சவுக்காரம் என்று நினைப்பதில் தப்பில்லை, ஆனால் உரிமையும் பெயரும் லண்டனில் இருக்கின்றன.

யார் தொடங்கியது? அப்படிப் பெரிதாக என்ன செய்துவிட்டார்?

வில்லியம் ஹெஸ்கெத் லீவர். 1851இல் போல்டன் என்ற ஊரில் ஒரு பலசரக்கு வியாபாரியின் மகனாகப் பிறந்தவர். தம்பி ஜேம்ஸும் கூட இருந்தார், பிரதர்ஸ் என்ற பெயர் அதனால்தான். இரண்டு பேருமே சவுக்காரம் காய்ச்சத் தெரிந்தவர்கள் இல்லை. கடையில் நின்று வியாபாரம் பழகிய ஆட்கள்.

அந்தக் காலத்தில் இங்கிலாந்துக் கடைகளில் சவுக்காரம் நீளமான கட்டையாக வரும். கடைக்காரர் கேட்ட அளவுக்கு வெட்டி, தராசில் நிறுத்து, தாளில் சுற்றிக் கொடுப்பார். யார் செய்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கு எதுவும் தெரியாது. போன கிழமை வாங்கினதும் இந்தக் கிழமை வாங்குவதும் ஒரே சாமானா என்றுகூடச் சொல்ல முடியாது. லீவர் செய்த வேலை, அந்தக் கட்டையைத் தொழிற்சாலையிலேயே ஒரே அளவுத் துண்டாக வெட்டி, தாளில் சுற்றி, மேலே பெயரைப் போட்டது. பெயர் போட்டதோடு விடவில்லை, கலப்படம் இருக்கிறது என்று யாராவது நிரூபித்தால் 1,000 பவுண் தருவோம் என்று விளம்பரமும் செய்தார். 1880களில் அது சாதாரணக் குடும்பம் கனவிலும் காணாத காசு.

என்னைக் கேட்டால் இந்த மனிதரின் உண்மையான கண்டுபிடிப்பு இதுதான். சவுக்காரம் ஆயிரக்கணக்கான வருடமாக இருக்கிறது. ஆனால் பெயர் அச்சடித்த ஒரு துண்டு கைக்கு வந்தால், அதில் குறை இருக்கும்போது யாரிடம் கேட்பது என்று தெரியும். வாங்குகிறவர் கையில் முதல்முறையாக ஒரு பிடி கிடைத்தது. பின்னால் அதே பிடி லீவரின் கழுத்தையே இறுக்கிய கதையும் உண்டு, எடைக் கேள்வியில் சொல்கிறேன்.

விற்பனை ஏறிய வேகம் நம்ப முடியாதது. தொடக்கத்தில் வாரத்துக்கு 20 தொன் செய்த இடம், மூன்று வருடத்துக்குள் 450 தொன்னுக்குப் போனது. வோரிங்டன் இடம் காணாமல், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் சதுப்பு நிலம் வாங்கி 1888இல் புதுத் தொழிற்சாலையும் தொழிலாளர்களுக்கு ஒரு ஊரும் கட்டத் தொடங்கினார். அந்த ஊருக்குப் பெயர் போர்ட் சன்லைட். சவுக்காரத்தின் பெயரில் ஒரு ஊர், இன்றும் இருக்கிறது. தோட்டம், பள்ளிக்கூடம், ஓவியக்கூடம் என்று அழகாகக் கட்டியிருக்கிறார்கள். ஆனால் வீடு முதலாளியுடையது, வேலை போனால் வீடும் போகும். நம்ம மலையகத்து லயன் வாழ்க்கையைத் தெரிந்தவர்களுக்கு இதில் இருக்கிற பயம் விளங்கும்.

அந்தச் சவுக்காரத்துக்குள் என்ன இருந்தது? தேங்காய்க்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறையச் சம்பந்தம். அதற்கு முந்திய ஆங்கிலேயச் சவுக்காரங்களில் பெரும்பங்கு மாட்டுக் கொழுப்பு. வில்லியம் ஹஃப் வாட்சன் என்ற வேதியியலாளரின் செய்முறையை வைத்து லீவர் கொப்பரா எண்ணெயை, அல்லது அதற்குப் பதிலாகச் செம்பனைப் பருப்பு எண்ணெயை, முதன்மைப் பொருளாக்கினார். பிறகு மாட்டுக் கொழுப்பு, பருத்திக்கொட்டை எண்ணெய், கொஞ்சம் மரப்பிசின். நுரை கூடியது, தண்ணீரில் சட்டென்று கரைந்தது, ஊத்தையும் லேசாகப் போனது.

வெப்ப நாடுகளின் தேங்காய்க்கு ஐரோப்பாவில் இவ்வளவு கேள்வி வந்ததற்கு இந்த மாதிரிச் சவுக்காரத் தொழிற்சாலைகளும் ஒரு காரணம். இலங்கையிலிருந்து தேங்காய் எண்ணெயும் கொப்பராவும் 19ஆம் நூற்றாண்டிலேயே கப்பலேறின. நம்ம கரையோரத்திலும் அந்த நூற்றாண்டிலேயே வெள்ளைக்காரர் தென்னந்தோட்டம் போட்டார்கள். 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்புத் தென்னையை முறித்துப் போட்டதைக் கண்ணால் கண்டவர்கள், ஒரு தோப்பு போனால் ஒரு ஊரின் வருமானம் எப்படிப் போகும் என்பதை நன்றாகச் சொல்வார்கள். தேங்காய் இங்கே, எண்ணெய் கொழும்பில், சவுக்காரம் இங்கிலாந்தில், பிறகு அது தாள் சுற்றித் திரும்பவும் நம்ம கடைக்கு. இந்தச் சுற்றில் விலை எங்கே கூடியது என்று யோசித்துப் பாருங்கள்.

நம்ம கிணற்றுத் தண்ணியில் சவுக்காரம் நுரைக்கவே மாட்டேன் என்கிறது, ஏன்?

வாவிக்கரை, கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள் எல்லாரும் இதைக் கேட்பார்கள், அதுவும் கோடையில். இரண்டு காரணம் கலந்து நிற்கும். தண்ணீரில் கல்சியம், மக்னீசியம் கூட இருந்தால் சவுக்காரம் அவற்றோடு சேர்ந்து வெள்ளை ஏடாகத் திரண்டுவிடும். வாளியின் ஓரத்தில் ஒட்டுகிற வழுவழுப்பு அதுதான். அந்தக் கல்சியம் தீருமட்டும் நுரை வராது, சவுக்காரம் வீணாகத் தேயும். அடுத்தது உப்பு. தண்ணீரில் உப்பு ஏற ஏறச் சவுக்காரம் கரையாமல் ஒதுங்கும்.

இந்த இடத்தில் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தனிச்சிறப்பு. அதில் ஏறத்தாழப் பாதி லோரிக் அமிலம் என்ற கொழுப்பமிலம். அதில் செய்த சவுக்காரம் உப்புத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும், அதனால்தான் கப்பலில் போகிறவர்களுக்கென்று தேங்காய் எண்ணெய்ச் சவுக்காரம் தனியாகச் செய்தார்கள். மாட்டுக் கொழுப்பிலோ செம்பனை எண்ணெயிலோ மட்டும் செய்தது கட்டியாக, நாள்பட நிற்கும், ஆனால் உவர்த் தண்ணீரில் படுத்துவிடும். உடுப்புத் தோய்க்கிற தண்ணீரில் முதலில் கொஞ்சம் சலவைச் சோடாவைக் கரைத்தால் கல்சியம் பிரிந்துவிடும், அப்புறம் சவுக்காரம் மிச்சம் பிடிக்கும். சேர்ஃப் மாதிரித் தூள்கள் எண்ணெய்ச் சவுக்காரம் இல்லை, செயற்கைச் சலவைப் பொருள். அவை இந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டாது. கரையோரக் கிணறு வைத்திருக்கிற வீடுகளில் தூள் இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு எனக்குத் தெரிய இதுவே பெரிய காரணம், விளம்பரம் இரண்டாவதுதான்.

மாட்டுக் கொழுப்பு என்கிறீர்களே, இப்போதும் போடுகிறார்களா?

காத்தான்குடியிலிருந்தும் ஏறாவூரிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் கேட்பார்கள், மாட்டிறைச்சி தொடாத சைவ வீடுகளிலிருந்தும் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்வி.

ஆரம்பகாலச் சன்லைட்டில் இருந்தது, அதை மறைக்கத் தேவையில்லை. இந்தியாவில் 1983இல் வனஸ்பதியில், அதாவது சமையலுக்குப் பாவிக்கிற கட்டித் தாவர நெய்யில், மாட்டுக் கொழுப்புக் கலந்த விவகாரம் பெரிதாக வெடித்து, மாட்டுக் கொழுப்பு இறக்குமதியையே அரசாங்கம் தடை செய்தது. இப்போது நம்ம பகுதிக் கடைகளில் கிடைக்கிற சவுக்காரங்கள் பெரும்பாலும் செம்பனை எண்ணெயில் நிற்பவை. ஆனால் பொதுவாக ஒரு வசனம் சொல்லி உங்களை அனுப்ப விருப்பமில்லை, தாளைத் திருப்பிப் பாருங்கள். சோடியம் பாமேட் என்று இருந்தால் செம்பனை எண்ணெய். சோடியம் பாம் கேர்னலேட் என்றால் செம்பனைப் பருப்பு எண்ணெய். சோடியம் கோக்கோவேட் என்றால் தேங்காய். சோடியம் டலோவேட் என்று இருந்தால் அதுதான் விலங்குக் கொழுப்பு. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்து தருகிற வாசனைச் சவுக்காரங்களில் இந்தக் கடைசிப் பெயர் இன்றும் இருக்கும், அதைக் கட்டாயம் பாருங்கள். கிளிசரின், ஸ்டெயரிக் அமிலம் இரண்டும் தாவரத்திலிருந்தும் வரலாம் விலங்கிலிருந்தும் வரலாம், பெயரை வைத்துச் சொல்ல முடியாது. அதற்கு ஹலால் சான்று இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

யூனிலீவர் என்ற பெயர் எப்படி வந்தது?

நெதர்லாந்தில் யூர்கன்ஸ், வான் டென் பேர்க் என்று இரண்டு குடும்பங்கள் மார்ஜரின் செய்து ஒன்றோடொன்று போட்டி போட்டன. 1927இல் சமாதானமாகி மார்ஜரின் யூனி என்று ஒன்றானார்கள். சவுக்காரத்துக்கும் மார்ஜரினுக்கும் மூலப்பொருள் ஒரே கொழுப்புகள்தான், அதனால் கொள்வனவில் லீவரோடு ஓயாத இழுபறி. 1929 செப்டம்பரில் இரண்டு பக்கமும் சேர ஒப்புக்கொண்டு, 1930 ஜனவரியிலிருந்து யூனிலீவர் ஆனது. பழைய லீவர் அதைப் பார்க்கவில்லை, 1925இலேயே இறந்துவிட்டார். லண்டன், ரொட்டர்டாம் என்று 90 வருடம் இரண்டு தலைமையகத்தோடு ஓடிய கம்பனி 2020இல்தான் முழுதாக லண்டனுக்குப் போனது.

இலங்கைக்கு எப்போது வந்தார்கள்?

சாமான் முதலில் வந்தது, கம்பனி பிறகு வந்தது. 1888இலேயே சன்லைட் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் இறங்கின. இந்தியாவில் 1933இல் லீவர் பிரதர்ஸ் கம்பனி தொடங்கினார்கள், 1956இல் மூன்று கம்பனிகளைச் சேர்த்து ஹிந்துஸ்தான் லீவர் ஆக்கினார்கள். இலங்கையில் லீவர் பிரதர்ஸ் 1938இல் தொடங்கப்பட்டது, தொழிற்சாலை கொழும்பு கிராண்ட்பாஸில். கொழும்பில் இருந்தவர்கள் அந்த வழியால் போனால் மணத்தை வைத்தே இடம் சொல்லுவார்கள்.

மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். அதற்கு முன் கடல்வழி, அல்லது பதுளைப் பக்கத்தால் மாட்டுவண்டி. ரயில் வந்த பிறகுதான் கொழும்புச் சாமான் தவறாமல் வருகிற ஊராக இது ஆனது. நகரத்து மொத்தக் கடை, அங்கிருந்து ஊர்க் கடை, ஊர்க் கடையிலிருந்து தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரை. இப்போது விநியோகஸ்தரின் வான் நேரே கடை வாசலுக்கு வருகிறது, விற்பனைப் பிரதிநிதி கையில் இருக்கிற போனில் ஓடர் எடுக்கிறார். சின்ன ஊர்க் கடைக்கும் நேரே சாமான் போடுகிற இந்த வலையைக் கட்ட மற்றக் கம்பனிகளுக்குப் பல வருடம் எடுத்தது.

சவுக்காரம் வருவதற்கு முன் என்ன செய்தார்கள்?

தலைக்குச் சீயாக்காயும் தேசிக்காயும், உடம்புக்குப் பயற்றமா, பாத்திரத்துக்குச் சாம்பலும் தும்பும், உடுப்புக்குச் சாம்பல் நீரும் உவர் மண்ணும். எண்ணெய்ப் பிசுக்கோடு சாம்பலின் காரம் சேரும்போது நடப்பதும் கிட்டத்தட்டச் சவுக்காரம் உண்டாகிற அதே வேதியியல்தான்.

இது முழுக்கப் பழங்கதையும் இல்லை. 1990க்குப் பிறகு வடக்கில் இருந்த பொருளாதாரத் தடையில் சவுக்காரமும் தடைப்பட்ட சாமான்களில் ஒன்று. யாழ்ப்பாணத்துச் சனம் பனம்பழத்தைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்த்தார்கள். நம்ம பக்கமும் படுவான்கரைக்குச் சாமான் கொண்டுபோகச் சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்கு ஒரு பெட்டி சவுக்காரத்தின் பெறுமதி தெரியும். கம்பனிகளின் வரலாற்றில் இந்த வருடங்கள் வராது. சவுக்காரத்தைப் பாவித்தவர்களின் வரலாற்றில் இவைதான் மறக்க முடியாதவை.

லைஃப்போயில் முந்தி இருந்த அந்த ஆஸ்பத்திரி மணம் எங்கே போனது?

அந்த மணம் கார்போலிக் அமிலத்தின் மணம், அதாவது பீனோல். 1890களின் நடுவில் லைஃப்போய் வந்தபோது கொலரா பயம் ஐரோப்பாவையே ஆட்டிக்கொண்டிருந்தது, கிருமி கொல்லும் என்ற பேச்சை வைத்துத்தான் அதை விற்றார்கள். இப்போது விற்கிறதில் பீனோல் இல்லை. இந்தியாவில் 2002இல் பழைய கார்போலிக் சவுக்காரத்தை மாற்றிப் புது மணத்தோடு இறக்கினார்கள். சிவப்பு நிறம் அன்றும் சாயம்தான், இன்றும் சாயம்தான்.

கைகழுவ விலை கூடிய சவுக்காரம் தேவையா என்றும் கேட்கிறார்கள். தேவையில்லை. எந்தச் சவுக்காரமும் 20 விநாடி தேய்த்துக் கழுவினால் வேலை செய்யும்.

விலை அப்படியே இருக்கிறது, ஆனால் கட்டி சின்னதாகிவிட்டதே? இது இப்போது வந்த தந்திரமா?

நூற்றிருபது வருடம் பழைய தந்திரம், தொடங்கிய ஆட்களில் சாட்சாத் லீவரே ஒருவர். இந்தக் கதை எல்லாருக்கும் தெரிய வேண்டும்.

1906. கொழுப்பு, எண்ணெய் விலைகள் ஏறிவிட்டன. சன்லைட் கட்டி 3 பென்ஸ், எடை 16 அவுன்ஸ், அதாவது ஒரு றாத்தல். விலையைக் கூட்டினால் சனம் கோபிக்கும் என்று, எடையை 15 அவுன்ஸாக்கி அதே 3 பென்ஸுக்கு விட்டார்கள். அதே வருடம் லீவர் பெரிய சவுக்காரக் கம்பனிகளைச் சேர்த்து, விளம்பரச் செலவைக் குறைக்கவும் கூட்டாக இயங்கவும் ஒரு கூட்டமைப்பு உண்டாக்கப் பார்த்தார். டெய்லி மெயில் பத்திரிகை பிடித்துக்கொண்டது. ஏழை வீட்டுக் காசை உறிஞ்சுகிற சவுக்காரக் கூட்டு என்று நாளுக்கு நாள் எழுதியது, எடை குறைந்ததைத் திரும்பத் திரும்பச் சொன்னது. வீட்டுப் பெண்கள் சன்லைட் வாங்குவதை நிறுத்தினார்கள், விற்பனை சரிந்தது, பங்கு விலை விழுந்தது. அந்த வருடம் முடிவதற்குள் கூட்டமைப்பைக் கலைக்க வேண்டி வந்தது, 16 அவுன்ஸையும் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பிறகு லீவர் அவதூறு வழக்குப் போட்டார். 1907இல் லிவர்பூல் நீதிமன்றத்தில் எட்வர்ட் கார்சன் லீவருக்காக வாதாடினார். பத்திரிகை எழுதியதில் பொய்யும் மிகையும் கலந்திருந்ததால் வழக்கை நடத்த முடியாமல் 50,000 பவுண் கொடுத்து முடித்தது. வழக்கில் லீவர் வென்றார், அது உண்மை. ஆனால் ஒரு அவுன்ஸைத் திரும்ப வாங்கியது நீதிமன்றம் இல்லை, கடையில் வேறு சவுக்காரத்தைக் கேட்டு வாங்கிய பெண்கள்.

2022இல் நம்ம நாட்டில் காசு மதிப்பு விழுந்தபோது எல்லாச் சாமானிலும் எடை சுருங்கியதைப் பார்த்தோம், எந்த ஒரு கம்பனியையும் தனியாகச் சொல்லவில்லை. எடை மாறுவது சட்டவிரோதம் இல்லை, தாளில் உள்ள எடை உண்மையாக இருக்க வேண்டும், அதிகபட்ச சில்லறை விலையும் அச்சடித்திருக்க வேண்டும். அதனால் விலையை மட்டும் பார்க்காமல் கிராமையும் பாருங்கள். விலையைக் கிராமால் பிரித்தால் எது மலிவு என்று உடனே தெரியும். சின்னப் பக்கற் எப்போதும் மலிவு என்பதும், பெரிய பக்கற் எப்போதும் லாபம் என்பதும் இரண்டும் சரியில்லை, ஒவ்வொரு முறையும் கணக்குப் பார்க்க வேண்டும். அச்சடித்த விலைக்கு மேல் யாராவது விற்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்குச் சொல்லலாம்.

கொங்கோவில் ஏதோ கொடுமை நடந்தது என்கிறார்களே, அது என்ன?

நடந்தது. போர்ட் சன்லைட்டின் தோட்டங்களைப் புகழ்கிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும்.

செம்பனை எண்ணெய்க்கு மற்றவர்களை நம்பியிருக்க லீவருக்கு விருப்பமில்லை. 1911இல் பெல்ஜியம் ஆண்ட கொங்கோவில் பெரிய நிலப்பரப்புக்கு உரிமை வாங்கினார். அங்கே லுசாங்கா என்ற இடத்துக்கு லீவர்வில் என்று தன் பெயரை வைத்தார். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் கட்டுவதாக ஒப்பந்தத்தில் இருந்தது, சிலவற்றைக் கட்டவும் செய்தார்கள். ஆனால் உயரமான செம்பனை மரங்களில் ஏறிக் குலை வெட்ட ஆள் வேண்டும், அந்தக் கூலிக்கு அந்த வேலைக்கு ஆட்கள் தாங்களாக வரவில்லை. குடியேற்ற அரசாங்கத்தின் வரியும் படையும் சேர்ந்து ஆட்களைப் பிடித்துக் கொடுத்தன. வற்புறுத்தி வாங்கிய உழைப்பு என்று பெல்ஜிய அதிகாரிகளின் அறிக்கைகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1931இல் அந்தப் பகுதிப் பெண்டே மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். படையை அனுப்பி அடக்கியதில் நூற்றுக்கணக்கானவர்கள் கொல்லப்பட்டார்கள். அப்போது லீவர் உயிரோடு இல்லை, கம்பனி இருந்தது, லாபமும் இருந்தது.

இங்கிலாந்துத் தொழிலாளிக்கு ரோஜாத் தோட்டம் வைத்த வீடு, கொங்கோத் தொழிலாளிக்குக் கசையடி. இரண்டும் ஒரே கணக்குப் புத்தகத்தில். இதை ஒரு நல்லவரின் சின்னக் குறை என்று கடந்துபோக என்னால் முடியவில்லை, அந்த எண்ணெய் இல்லாமல் அந்தச் சவுக்காரம் இல்லை.

கொடைக்கானல் விவகாரமும் இவர்களுடையதா?

ஓம். கொடைக்கானலில் காய்ச்சல் பார்க்கிற வெப்பமானி செய்கிற தொழிற்சாலை ஒன்று பொன்ட்ஸ் கம்பனிக்கு இருந்தது, அமெரிக்காவிலிருந்து எண்பதுகளில் இடம்மாற்றிக் கொண்டுவந்தது. பொன்ட்ஸை வாங்கியதோடு அது ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு பழைய இரும்புக் கடை வரைக்கும் போனது 2001இல் அம்பலமாக, தொழிற்சாலையை மூடினார்கள். தொழிலாளர்கள் 15 வருடம் போராடி, 2016இல்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு கம்பனி உடன்படிக்கைக்கு வந்தது.

ஃபெயார் அன்ட் லவ்லி ஏன் பெயர் மாறியது?

1975இல் ஹிந்துஸ்தான் லீவர் அறிமுகப்படுத்திய கிறீம். வெள்ளையானால் கல்யாணம் நடக்கும், வேலை கிடைக்கும் என்று பல பத்து வருடம் விளம்பரம் ஓடியது. 2020இல் அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கான போராட்டம் உலகம் முழுக்கப் பரவிய நேரத்தில் கேள்விகள் கூடி, ஃபெயார் என்ற சொல்லை எடுத்து க்ளோ அன்ட் லவ்லி ஆக்கினார்கள்.

கறுப்பு நிறம் ஒரு குறை என்ற நினைப்பைக் கம்பனி உண்டாக்கவில்லை, அது நம்ம வீடுகளில் முதலே இருந்தது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் என்ன பேசப்படும் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் புண்ணைத் தொட்டுத் தொட்டு 45 வருடம் காசு பார்த்தார்கள். வயல்வெளியிலும் கடற்கரையிலும் வெயிலில் வேலை செய்கிற குடும்பத்துப் பிள்ளைகள் இந்தக் கிறீமுக்காகக் காசு சேர்த்ததை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வரும். அதைவிட ஆபத்தான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: கடைகளில் லேபல் சரியில்லாமல் விற்கிற வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீரொய்டும் இருக்கும். அவை சிறுநீரகத்தையும் தோலையும் கெடுக்கும். அவற்றின் பக்கமே போகாதீர்கள்.

அஸ்ட்ரா மார்ஜரின், லிப்டன் தேயிலை எல்லாம் இன்னும் அவர்களுடையதா?

இல்லை. மார்ஜரின் வியாபாரத்தை 2018இல் விற்றார்கள், அஸ்ட்ரா அதோடு போனது. யூனிலீவர் உண்டானதே மார்ஜரின் குடும்பங்களோடு சேர்ந்துதான், அந்தப் பாதியை 88 வருடத்துக்குப் பிறகு கழற்றிவிட்டார்கள். லிப்டன் உட்பட்ட தேயிலை வியாபாரத்தின் பெரும்பகுதியை 2022இல் விற்றார்கள். மார்மைட், நொர் இரண்டும் 2000இல் பெஸ்ட்ஃபூட்ஸ் என்ற கம்பனியை வாங்கியபோது வந்தவை.

சிக்னல் பற்பசையில் கோடு எப்படி வந்தது?

கோடு முன்கூட்டியே போடப்பட்டு உள்ளே இருக்காது. டியூப்பின் வாய்க்குள் ஒரு குழாய், அதைச் சுற்றி நிறப்பசை, பின்னால் வெள்ளைப்பசை. அமத்தும்போது வெள்ளை குழாயால் வெளியே வர, நிறப்பசை சின்னத் துளைகளால் கசிந்து மேலே கோடாக ஒட்டும். ஐம்பதுகளில் அமெரிக்கர் ஒருவர் கண்டுபிடித்தது, அறுபதுகளில் யூனிலீவர் சிக்னல் என்று விற்றது.

அப்போ இலங்கைக் கம்பனிகள் எதுவும் இல்லையா?

இருக்கின்றன, நன்றாகவே நிற்கின்றன. சுவதேசி 1941இல் தொடங்கியது, வேப்பெண்ணெய் கலந்த கொஹொம்ப சவுக்காரமும் ராணி சந்தனச் சவுக்காரமும் அவர்களுடையவை. ஹேமாஸ் 1948இல் தொடங்கியது, பேபி செரமி, குளோகார்ட், குமாரிக்கா எல்லாம் அங்கிருந்து வருபவை. சிக்னலுக்குப் பக்கத்தில் குளோகார்ட்டையும் லக்ஸுக்குப் பக்கத்தில் ராணியையும் கடைக்காரர் அடுக்குவதால்தான் விலையில் கொஞ்சமாவது கட்டுப்பாடு இருக்கிறது. நம்ம மாவட்டங்களில் பெண்கள் குழுக்கள் தேங்காய் எண்ணெய், கற்றாழை, மஞ்சள் போட்டுக் கையால் செய்கிற சவுக்காரங்களும் கண்காட்சிகளில் கிடைக்கும். அவற்றை வாங்குங்கள், ஆனால் அவர்களிடமும் எடையும் திகதியும் சேர்மானங்களும் எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் பழைய சன்லைட் தாள், தகரப் பலகை இருக்கிறது. எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

போர்ட் சன்லைட், இங்கிலாந்து என்று மட்டும் இருந்தால் இறக்குமதியானது, பெரும்பாலும் இங்கே தொழிற்சாலை வருவதற்கு முந்தியது. லீவர் பிரதர்ஸ் சிலோன் என்று இருந்தால் 1938க்குப் பிந்தியது. நாடு இலங்கைக் குடியரசானது 1972 மே 22இல். ஆனால் கம்பனிப் பெயர்களில் சிலோன் அதற்குப் பிறகும் பல காலம் ஒட்டிக்கொண்டிருந்தது, அதனால் அந்தச் சொல்லை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். எடை அவுன்ஸில் இருந்தால் எழுபதுகளுக்கு முந்தியதாக இருக்கும், கிராமில் இருந்தால் பிந்தியது. சதத்தில் விலை இருந்தால் இன்னும் நல்ல தடயம். எனாமல் பூசிய தகரப் பலகையைக் கம்பி பிரஷால் உரசாதீர்கள், எழுத்து போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, பின்பக்கத் துருவில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, கடல்காற்று படாத சுவரில் வையுங்கள். சூறாவளியிலும் போரிலும் 2004 கடல்கொந்தளிப்பிலும் நம்ம கரையோரக் கடைகள் பழைய கணக்குப் புத்தகங்களையும் பலகைகளையும் இழந்துவிட்டன. மிஞ்சியது உங்களிடம் இருந்தால், படம் எடுத்து, யாருடைய கடையில் எந்த ஊரில் இருந்தது என்பதையும் பின்னால் எழுதி வையுங்கள்.